பேராயர் ஹென்றி பெஞ்சமின் விப்பிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எப்பிஸ்கோப்பல் சபையின் முதல் பேராயராக 42 ஆண்டுகள் பணியாற்றியவர் ஹென்றி பெஞ்சமின் விப்பிள். 1862-இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட 303 டகோட்டா பழங்குடியினரின் உயிருக்காகக் குடியரசுத் தலைவர் லிங்கனிடம் வாதாடியவர் என்பதே அவரைப் பற்றிப் பலரும் முதலில் அறியும் செய்தி. அதைத் தொடர்ந்து வாசகர்களுக்கு எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

எப்பிஸ்கோப்பல் சபை என்பது எந்தச் சபை?

இங்கிலாந்துத் திருச்சபையின் அமெரிக்கக் கிளையாக இருந்து, அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் தனித்து இயங்கத் தொடங்கிய சபை அது. விடுதலைக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய இயலாத நிலையில், அமெரிக்காவின் முதல் பேராயரான சாமுவேல் சீபரி 1784-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்குச் சென்று அங்கிருந்த பேராயர்களிடம் அபிஷேகம் பெற்றார். 1789-இல் சபையின் அமைப்புச் சட்டம் உருவாயிற்று. தென்னிந்தியத் திருச்சபையைப் போலவே இதுவும் உலகளாவிய ஆங்கிலிக்க ஐக்கியத்தில் உறுப்பாக உள்ளது.

விப்பிள் இளமையிலேயே குருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தாரா?

இல்லை. 1822 பிப்ரவரி 15 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆடம்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்த அவர், ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் சில காலம் படித்து, உடல்நலம் குன்றியதால் படிப்பை நிறுத்திவிட்டு, தந்தையின் வணிகத்தில் சேர்ந்தார். 1842-இல் கொர்னீலியா ரைட் என்பவரை மணந்தார். ஜனநாயகக் கட்சியில் ஈடுபாடு கொண்டு உள்ளூர் அரசியலிலும் பெயர் பெற்றார். பிரெஸ்பிட்டீரியன் குடும்பத்தில் வளர்ந்தவர் எப்பிஸ்கோப்பல் சபைக்கு வந்து, 1849-இல் டீக்கனாகவும் (குருவுக்கு முந்தைய படிநிலை ஊழியர்) அடுத்த ஆண்டு குருவாகவும் அபிஷேகம் பெற்று, நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் குருவானவராகப் பணியைத் தொடங்கினார்.

கடையில் கணக்குப் பார்த்ததும் கட்சிக் கூட்டங்களில் ஆட்களை அணுகிப் பேசியதும் பிற்காலத்தில் அவருக்கு மிகவும் கைகொடுத்தன என்பதே என் கணிப்பு. அரசு அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும், ஒரு செலவுக் கணக்கில் பணம் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்பதை அவர் பார்த்தவுடன் புரிந்துகொண்டார். இறையியல் கல்லூரியிலிருந்து நேரே வந்த ஒருவருக்கு அந்தக் கண் அத்தனை எளிதில் வாய்த்திருக்காது.

சிகாகோவில் அவர் என்ன செய்தார்?

1857-இல் அவர் சிகாகோவுக்குச் சென்று அங்கே ஒரு புதிய சபையைப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் ஆலய இருக்கைகளைக் குடும்பங்களுக்கு ஆண்டு வாடகைக்கு விடுவது வழக்கமாக இருந்தது. வாடகை கொடுக்க இயலாதவர் பின்வரிசையில் ஒதுங்கி நிற்க வேண்டும். விப்பிளின் ஆலயத்தில் இருக்கை வாடகை கிடையாது. குமாஸ்தாக்கள், கூலிக்காரர்கள், ரயில்வே தொழிலாளர்கள் ஆகியோரைத் தேடியே அந்த ஆலயம் திறக்கப்பட்டது.

ரயில்வே தொழிலாளர்களை அணுகுவது எப்படி என்று அவர் ஒரு தலைமைப் பொறியாளரிடம் கேட்டபோது, “நீராவி எஞ்சினைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று பொறியாளர் திருப்பிக் கேட்டார். ஒன்றும் தெரியாது என்றார் விப்பிள். அப்படியானால் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் உங்களை மூடர் என்று நினைக்காத அளவுக்கு ஒரு கேள்வி கேட்கத் தெரியும்வரை படியுங்கள் என்று பொறியாளர் அறிவுரை கூறினார். விப்பிள் அவ்வாறே படித்தார். பிறகு எஞ்சின் கொட்டகைக்குச் சென்று, எஞ்சினின் இணைப்புத் தண்டுகள் சக்கரங்களுக்கு உள்பக்கம் இருப்பது நல்லதா, வெளிப்பக்கம் இருப்பது நல்லதா என்று அங்கிருந்த ஓட்டுநரிடம் கேட்டார். பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. தொழிலாளர்கள் ஆலயத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

அவர் எப்போது, எங்கே பேராயரானார்?

1859 ஜூன் மாதம் மினசோட்டா திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) அவரைத் தேர்ந்தெடுத்தது. அக்டோபர் 13 அன்று வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் அபிஷேகம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 37. மினசோட்டா ஒரு மாநிலமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு ஃபேரிபோ என்ற ஊரில் குடியேறினார். ஊர்களுக்கு இடையே ரயில் பாதை இல்லாததால் கோடையிலும் கடும் பனிக்காலத்திலும் குதிரை வண்டியிலேயே திருமண்டலத்தைச் சுற்றினார். பஷா என்ற அவருடைய குதிரை, பனிப்புயலில் வழி தவறிய நேரத்தில் அவரைக் கரைசேர்த்ததை முதுமையிலும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பழங்குடியினரோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது எவ்வாறு?

பொறுப்பேற்ற ஆண்டின் இறுதியிலேயே அவர் வடக்கே கல் (Gull) என்னும் ஏரியின் கரையில் இருந்த ஓஜிப்வே மக்களின் மிஷனுக்குச் சென்றார். அங்கே பணியாற்றிவந்த என்மெகாபோ, கனடாவில் பிறந்த பழங்குடி ஊழியர்; அதே 1859-இல் பேராயர் ஜாக்சன் கெம்பரிடம் டீக்கன் அபிஷேகம் பெற்றவர். 1867-இல் விப்பிள் அவருக்குக் குருத்துவ அபிஷேகம் செய்துவைத்தார். எப்பிஸ்கோப்பல் சபையில் குருவான முதல் அமெரிக்கப் பழங்குடியினர் என்மெகாபோவே. விப்பிளின் பெயர் சொல்லப்படும் இடமெல்லாம் இவருடைய பெயரும் சொல்லப்பட வேண்டும். ஓஜிப்வே மக்களிடையே நடந்த பணியின் சுமையைப் பல்லாண்டுகள் தாங்கியவர் அவர்தான்.

தெற்கே மினசோட்டா ஆற்றங்கரையில் டகோட்டா மக்கள் வாழ்ந்தார்கள். 1860-இல் விப்பிள் அங்கே சென்றபோது தலைவர் வபாஷாவும் தாவோபி, குட் தண்டர் ஆகியோரும் பள்ளிக்கூடமும் போதகரும் வேண்டுமென்று கேட்டார்கள். சாமுவேல் ஹின்மன் என்ற இளைஞரை விப்பிள் அங்கே அனுப்பினார். சொன்ன சொல் மாறாதவர் என்ற பொருளில் ‘நேர்நாக்கு’ என்று பழங்குடியினர் விப்பிளை அழைத்தார்கள்.

1862-இல் டகோட்டா போர் மூண்டது ஏன்?

1851-இல் செய்துகொண்ட இரண்டு ஒப்பந்தங்களால் டகோட்டா மக்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் நிலத்தை இழந்து, ஆற்றோரமாக ஒடுங்கிய ஒரு பட்டை நிலத்தில் வாழும் நிலைக்கு வந்தார்கள். 1858-இல் அதிலும் வடகரை பறிபோயிற்று. நிலத்துக்கு ஈடாக ஆண்டுதோறும் அரசு கொடுக்க வேண்டிய பணமோ, வணிகர்கள் காட்டிய கடன் கணக்குகளுக்கே பெரும்பாலும் போயிற்று. பழங்குடியினருக்கான அரசு ஏஜென்டுகள் ஆளுங்கட்சியின் சலுகையால் நியமிக்கப்பட்டவர்கள். ஆண்டுக்கு 1,500 டாலர் சம்பளம் வாங்கும் ஏஜென்ட் ஒருவர் நான்கே ஆண்டுகளில் பெருஞ்செல்வத்தோடு ஓய்வு பெறலாம் என்ற எல்லைப்புறப் பேச்சை விப்பிள் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார்.

1861-இல் விளைச்சல் பொய்த்தது. 1862 கோடையில் உள்நாட்டுப் போரின் நெருக்கடியால் ஆண்டுத் தொகை உரிய காலத்தில் வரவில்லை. கிடங்கில் உணவு இருந்தும் பணம் வராமல் கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். வணிகர்களும் கடன் தர மறுத்தார்கள். பட்டினியால் வாடிய மக்களிடம், பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்று ஆண்ட்ரூ மைரிக் என்ற வணிகர் கூறியதாக வரலாறு பதிவு செய்திருக்கிறது. ஆகஸ்ட் 17, ஞாயிறு அன்று டகோட்டா தலைவர் லிட்டில் க்ரோ, ஹின்மன் நடத்திய ஆராதனைக்கு வந்திருந்தார். அதே நாளில் வேறோரிடத்தில் நான்கு டகோட்டா இளைஞர்கள் குடியேறிகள் ஐவரைக் கொன்றார்கள். மறுநாள் காலை லிட்டில் க்ரோவின் தலைமையில் போர் தொடங்கியது. ஆண்டுத் தொகைக்கான தங்கம் அந்தப் பகுதியின் ராணுவக் கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அந்த 18-ஆம் தேதிதான்.

சில வாரங்களில் குடியேறிகளும் படைவீரர்களுமாக 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. குழந்தைகளும் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். டகோட்டா மக்களிலேயே கணிசமானோர் இந்தப் போரை எதிர்த்தார்கள். தாவோபியும் குட் தண்டரும் வெள்ளையர் பலரின் உயிரைக் காப்பாற்றியவர்களில் சேர்ந்தவர்கள்.

அப்போது விப்பிள் என்ன நிலைப்பாடு எடுத்தார்?

முதலில் அவர் ஓடிச் சென்றது செயின்ட் பீட்டர் என்ற ஊருக்கு. வீடிழந்து, காயம்பட்டு அங்கே வந்து குவிந்திருந்த குடியேறிகளைப் பராமரிப்பதற்காக. பிற்பாடு அவரைத் தூற்றியவர்கள் வசதியாக மறந்துவிட்ட செய்தி இது.

போர் செப்டம்பர் இறுதியில் அடங்கியதும், அரசுப் படைக்குத் தலைமை தாங்கிய ஹென்றி சிப்லியின் ராணுவ ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. 392 பேர் விசாரிக்கப்பட்டார்கள். ஒரே நாளில் 40 பேருக்கு மேல் தீர்ப்பளித்ததும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு வழக்கறிஞர் கிடையாது. நடப்பது இன்னதென்று பலருக்குப் புரியவும் இல்லை. 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அத்தனை பேரையும் உடனே தூக்கிலிட வேண்டும் என்று பத்திரிகைகளும் ஆளுநரும் பொதுமக்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

அந்தக் கூச்சலின் நடுவே விப்பிள் பத்திரிகைகளுக்கு எழுதினார். கொலை செய்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் இந்த மக்களைத் தனி நாட்டினராகக் கருதித்தானே அரசு ஒப்பந்தம் செய்தது, அப்படியானால் போரில் பிடிபட்டவர்கள் போர்க்கைதிகள் அல்லவா, அவர்களை நூற்றுக்கணக்கில் தூக்கிலிட நமக்கு என்ன உரிமை என்று செனட்டர் ஹென்றி ரைஸுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். உறவினர்களை இழந்த குடும்பங்கள் அவருடைய திருமண்டலத்திலேயே இருந்தன. அவர் கட்டிவந்த பள்ளிகளும் ஆலயமும் அம்மக்களின் காணிக்கையை நம்பியே நின்றன. அந்த நிலையில் இப்படி எழுதியதே அவருடைய வாழ்க்கையின் மிகத் துணிவான செயல் என்று நான் மதிக்கிறேன்.

லிங்கன் தண்டனையைக் குறைத்ததற்கு விப்பிள்தான் காரணமா?

காரணங்களில் ஒன்று என்பதே சரியான விடை. 1860-இலேயே குடியரசுத் தலைவர் புக்கானனுக்கும், போருக்கு ஐந்து மாதங்களுக்கு முன் 1862 மார்ச்சில் லிங்கனுக்கும் அவர் பழங்குடித் துறையின் ஊழலைப் பற்றிக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். அந்த இலையுதிர்காலத்தில் வாஷிங்டன் சென்று, தம் உறவினரான ஜெனரல் ஹாலெக்கின் உதவியோடு லிங்கனை நேரில் கண்டு பேசினார். விப்பிள் சொன்னதைக் கேட்டு உள்ளங்கால்வரை உறைத்தது என்றும், உள்நாட்டுப் போர் முடிந்து தாம் உயிரோடிருந்தால் இந்த முறையைச் சீர்திருத்துவதாகவும் லிங்கன் ஒருவரிடம் சொன்னதாக விப்பிள் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். டிசம்பர் 1 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் பழங்குடி நிர்வாக முறையை மாற்றியமைப்பது குறித்து ஆராயுமாறு லிங்கன் கேட்டுக்கொண்டார்.

ஆனால் யாரைத் தூக்கிலிடுவது என்ற முடிவு வழக்கு ஆவணங்களின் அடிப்படையில் எடுக்கப்பட்டது. லிங்கன் முழுப் பதிவுகளையும் வரவழைத்து, இரண்டு வழக்கறிஞர்களைக் கொண்டு ஆராயச் செய்து, போர்க்களத்தில் சண்டையிட்டவர்களையும் படுகொலையிலோ பாலியல் வன்முறையிலோ ஈடுபட்டவர்களையும் பிரித்துப் பார்த்தார். 39 பெயர்களைத் தம் கைப்பட எழுதி அனுப்பினார். ஒருவருக்குக் கடைசி நேரத்தில் தண்டனை நிறுத்தப்பட்டது. 1862 டிசம்பர் 26 அன்று மன்கேட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது வேறெப்போதும் இல்லை. அவர்களில் ஒருவரேனும் பெயர்க் குழப்பத்தால் தூக்கிலிடப்பட்டார்.

எஞ்சிய டகோட்டா மக்கள் என்ன ஆனார்கள்?

முதியவர்களும் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 1,600 பேர் ஸ்னெல்லிங் கோட்டையின் கீழே ஆற்றங்கரையில் மரவேலிக்குள் அடைக்கப்பட்டு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். தட்டம்மையும் பிற நோய்களும் 130 முதல் 300 பேர்வரை பலிகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. விப்பிளும் ஹின்மனும் அங்கே சென்று ஞானஸ்நானமும், சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலும் வழங்கினார்கள். வேலிக்குள் நுழைந்த வெள்ளையர் கும்பல் ஒன்று ஹின்மனை நினைவிழக்கும்வரை அடித்தது. 1863-இல் காங்கிரஸ் ஒப்பந்தங்களை ரத்து செய்து, அந்த மக்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றி, மிசூரி ஆற்றங்கரையின் வறண்ட க்ரோ க்ரீக் பகுதிக்கு அனுப்பியது. ஹின்மனும் அவர்களோடு போனார். அதே ஆண்டில் டகோட்டா ஆண்களின் தலைத்தோலுக்கு மினசோட்டா பரிசுத்தொகை அறிவித்தது. வெள்ளையருக்கு உதவிய டகோட்டா குடும்பங்கள் சில மட்டும், விப்பிளின் ஊரான ஃபேரிபோவில் அலெக்சாண்டர் ஃபேரிபோ என்பவரின் நிலத்தில் அடைக்கலம் பெற்றன.

பழங்குடியினரின் பண்பாட்டை அழிக்கத் துணைபோனவர் என்று அவர்மீது சொல்லப்படும் விமர்சனம் நியாயமானதா?

பெருமளவு நியாயமானது. பழங்குடியினர் வேட்டையை விட்டு உழவுக்கு வர வேண்டும், பொதுநிலத்தைக் குடும்ப வாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், வெள்ளையரின் உடையையும் சட்டத்தையும் பள்ளியையும் மதத்தையும் ஏற்க வேண்டும் என்பதே அவருடைய திட்டம். பழங்குடி இனங்களைத் தனி நாடுகளாகக் கருதி ஒப்பந்தம் செய்யும் வழக்கத்தையே கைவிட்டு, அவர்களை அரசின் பாதுகாப்பில் உள்ளவர்களாக நடத்த வேண்டும் என்றும் எழுதினார். கைதிகளைக் காப்பாற்ற எந்த வாதத்தைப் பயன்படுத்தினாரோ அதன் அடிப்படையையே இந்தக் கருத்து பறித்துவிடுகிறது. அந்த மக்கள் அழியாமல் பிழைக்க வேறு வழியில்லை என்று அவர் உளமார நம்பினார். அவர்களுடைய பழைய வாழ்க்கையிலேயே காக்கத்தக்கவை இருந்தன என்பதை அவர் காணவில்லை.

நிலப் பிரிப்பின் விளைவு ஒயிட் எர்த் என்னும் ஓஜிப்வே ஒதுக்கு நிலத்தில் தெளிவாகத் தெரிந்தது. 1867-இன் ஒப்பந்தத்தால் ஏற்பட்ட அந்தப் பரந்த நிலம், 1889-க்குப் பின் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெரும்பகுதி மரக் கம்பெனிகளிடமும் நில வணிகர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

பிளாக் ஹில்ஸ் மலைகள் பறிக்கப்பட்டதில் அவருக்குப் பங்கு உண்டா?

உண்டு. அவருடைய வாழ்க்கையின் மிகக் கனமான தவறாக நான் இதையே கருதுகிறேன். 1868-இன் லாரமி கோட்டை ஒப்பந்தம், இன்றைய தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள அந்த மலைகளை, டகோட்டா, லகோட்டா ஆகியோரை உள்ளடக்கிய சூ மக்களுக்கு உறுதி செய்தது. வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் நிலத்தைக் கைமாற்ற முடியாது என்றும் விதித்தது. 1874-இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1876 ஆகஸ்டில், மலைகளை விட்டுக்கொடுத்தால்தான் இனி உணவுப் பங்கீடு என்று காங்கிரஸ் சட்டம் செய்து, கையெழுத்து வாங்க ஜார்ஜ் மேனிபென்னி தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அந்தக் குழுவில் விப்பிள் உறுப்பினர்.

குழுவுக்குக் கிடைத்த கையெழுத்துகள் பத்தில் ஒரு பங்கினருடையவையே. ஆயினும் 1877-இல் அது சட்டமாயிற்று. அரசு இதுவரை செய்த நம்பிக்கைத் துரோகங்களை வெட்கத்தோடு கண்டிக்கும் கடுமையான அறிக்கையைக் குழு அளித்தது. ஆனால் அந்த அறிக்கையோடு இணைந்திருந்த உடன்படிக்கையே இன்னொரு துரோகம் என்பதை அதில் கையெழுத்திட்டவர்கள் எதிர்கொள்ளவில்லை. பட்டினியைவிட உடன்படிக்கை மேல் என்று விப்பிள் எண்ணியிருக்கலாம். அந்தப் பட்டினியை ஆயுதமாக்கியது அவரை அனுப்பிய அரசுதான். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உரிய இழப்பீடு தராமல் நிலம் எடுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. சூ மக்கள் பணத்தை ஏற்க மறுத்து, நிலத்தையே கேட்டு வருகிறார்கள்.

ஃபேரிபோவில் அவர் எழுப்பியவை எவை?

அங்கே ஏற்கெனவே தொடங்கியிருந்த கல்விப் பணியை அவர் சீபரி இறையியல் பள்ளி, ஷட்டக் ஆண்கள் பள்ளி, பெண்களுக்கான செயின்ட் மேரிஸ் ஹால் என வளர்த்தார். செயின்ட் மேரிஸ் ஹால் 1866-இல் அவருடைய வீட்டிலேயே தொடங்கியது. கொர்னீலியா அம்மையார் அதன் பொறுப்பை ஏற்றார். இரக்கமுள்ள இரட்சகர் பேராலயத்துக்கு 1862 ஜூலையில், போருக்கு ஒரு மாதம் முன்பு, அடிக்கல் நாட்டப்பட்டது. 1869-இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையில் பேராலயமாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் கட்டடம் என்று அதைக் குறிப்பிடுவது வழக்கம்.

பிற்காலத்தில் அவர் எவ்வாறு வாழ்ந்தார்?

உடல்நலத்துக்காகக் குளிர்காலங்களை ஃபுளோரிடாவின் மேட்லண்டில் கழித்தார். அங்கும் ஓர் ஆலயம் கட்டினார். 1888-இல் உலக ஆங்கிலிக்கப் பேராயர்களின் லாம்பெத் மாநாட்டில் தொடக்கப் பிரசங்கம் செய்தார். கொர்னீலியா 1890-இல் இறந்தார். 1896-இல் இவாஞ்சலின் சிம்ப்சன் என்பவரை மணந்தார். 1901 செப்டம்பர் 16 அன்று ஃபேரிபோவில் காலமானார். பேராலயத்தின் பீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பெயரில் உள்ள அரசுக் கட்டடம் பற்றிச் சர்ச்சை ஏன்?

ஸ்னெல்லிங் கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு மத்திய அரசுக் கட்டடம் பேராயர் விப்பிளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. குடிவரவு நீதிமன்றமும் குடிவரவு அமலாக்க அலுவலகமும் அதில் இயங்குகின்றன. நாடு கடத்தப்படவுள்ளோரின் வழக்குகள் அங்கே நடப்பதால், கைதிகளுக்காக வாதாடியவரின் பெயர் அதற்குப் பொருந்துமா என்று மதத் தலைவர்கள் உள்ளிட்ட பலர் கேட்டுவருகிறார்கள். 1862-63-இன் குளிர்காலத்தில் டகோட்டா குடும்பங்கள் அடைக்கப்பட்டிருந்த இடமும் அதற்கு அருகில்தான். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நானும் எண்ணுகிறேன்.

டகோட்டா மக்கள் மினசோட்டாவுக்குத் திரும்பினார்களா? அவருடைய பணியில் இன்று அங்கே எஞ்சியிருப்பது என்ன?

1880-களில் குட் தண்டர் உள்ளிட்ட சிலர் திரும்பி வந்து, மார்ட்டன் என்ற ஊரருகே, போர் தொடங்கிய அதே பகுதியில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். குட் தண்டர் அளித்த நிலத்தில் அங்கே ஓர் ஆலயம் எழுந்தது. கொர்னீலியா விப்பிளின் நினைவாகச் செயின்ட் கொர்னீலியா ஆலயம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். திரும்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று லோயர் சூ சமூகமாக, தங்களுக்கென ஓர் ஆட்சிமன்றத்தோடு அங்கே வாழ்கிறார்கள். அந்தக் கல் ஆலயமும் அதைச் சுற்றியுள்ள டகோட்டா கல்லறைத் தோட்டமும் அவர்களுடைய பகுதியிலேயே உள்ளன.